தேறுதலும் வினையாற்றுதலும்

அரசுப் பணியை நாடும் இளைஞர் பலர், தேர்வில் வெற்றி பெறுவதையே திறமையின் எல்லையாகக் கருதுகின்றனர். வள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. ஒருவரை ஆராய்ந்து தெளிதற்குத் 'தெரிந்துதெளிதல்' என்றும், அவரைப் பணியில் ஈடுபடுத்தி ஆளுதற்குத் 'தெரிந்துவினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். எவ்வகையால் தேறியவராயினும், வினையில் இறங்கியபின் வேறுபடுவோர் பலர் என்பது அவர்தம் கருத்து.

இவ்வுண்மையை விளக்க வரலாற்றுச் சான்று ஒன்றைக் காண்போம். 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பெற்றது. கும்பெனியின் இளம் ஆங்கில அலுவலர்க்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பித்தல் அதன் நோக்கம். அதனை உருவாக்க முன்னின்றவர், எல்லீசர் எனத் தமிழர் போற்றும் பிரான்சிசு வைட் எல்லிசு. சென்னை ஆட்சியராகப் பணிபுரிந்த அவர், குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பத்தன என 1816-இல் நிறுவினார். 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தார். கும்பெனியார் தம் ஆட்சி நலம் கருதியே மொழி கற்பித்தனர். எனினும், மக்கள் மொழியறியா அலுவலர் இடைநிற்போர் சொல்லையே நம்ப நேரும் என்பது எக்காலத்தும் பொருந்தும் பாடமாகும்.

இன்று 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளைக் கட்டாயமாக்கும் ஆணை 2021-இல் வந்தது. பணியில் சேர்ந்தோர்க்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சியும், பதவி உயர்வுக்குத் துறைத்தேர்வுகளும் உள்ளன. இவை ஏணிப்படிகளே, ஏறியவர் ஆற்றும் பணி வேறு.

திங்கட்கிழமை தோறும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளை எண்ணிப் பார்ப்போம். மேலூர்ப் பக்கத்து முதிய உழவர் ஒருவர் பட்டா மாறுதல் மனுவுடன் நிற்கிறார் எனக் கொள்வோம். உட்பிரிவு எண் ஒன்று பிழைபடின் அவர் நிலம் பிறர் பெயரில் நிற்கும்; பயிர்க்கடன் கிட்டாது; வழக்கு மன்றம் ஏற நேரும். மனுவை முழுதும் படித்து, புலத்தை நேரிற் கண்டு, அவருக்கு விளங்கும் தமிழில் ஆணை எழுதும் அலுவலரே வினைத்திறம் வாய்ந்தவர். அவ்வுழவர் எந்தத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்பதில்லை.

ஆகவே, போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் மாணவர்கள், தமிழைத் தகுதித்தாளுக்குரிய பாடமாக மட்டும் கருதலாகாது. எளியவர் குறையைக் கேட்டு உணரவும், பிழையற எழுதவும் துணைநிற்கும் கருவியாக அதனைப் பயிலவேண்டும். தேறுதல் ஒருநாள் நிகழ்வு. வினையாற்றுதல் பணிக்காலம் முழுதும் தொடரும் தேர்வு என்பதே நாம் கூற விழைவது.