ஓடர் படிவத்தில் பிழை வந்தால் வாடிக்கையாளர் எங்கே போகிறார்?

நமது வியாபார சகோதரர்கள் பலர் இன்று கடையோடு சேர்த்து இணையத்தளமும் வைத்திருக்கிறார்கள். தளத்தைச் செய்து தருபவரிடம் நாம் நிறம், படம், விலை பற்றியெல்லாம் கேட்கிறோம். ஓடர் படிவத்தை நிரப்பும்போது வாடிக்கையாளர் பிழை விட்டால் என்ன நடக்கும் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நோன்புப் பெருநாள் காலத்தில் சகோதரி ஒருவர் போன் எடுத்தார். "மூணு தரம் நிரப்பிட்டேன் நானா. ஒவ்வொரு தரமும் எழுதினதெல்லாம் அழிஞ்சி போகுது. என்ன பிழையெண்டும் சொல்லுதில்ல" என்றார். விசாரித்தால், தொலைபேசி இலக்கத்தில் 077 க்குப் பின் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். அவர் போன் எடுத்ததால் தெரிய வந்தது. எடுக்காமலே போனவர்கள் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

நடந்தது இதுதான். ‘அனுப்பு’ என்பதை அழுத்தியதும் விபரங்கள் சேவருக்குப் போகின்றன. அங்கே அவை சரிதானா என்று பார்ப்பதை ‘வெலிடேஷன்’ என்பார்கள். 2011 இல் வெளிவந்த ‘லாரவெல்’ என்ற பிரேம்வேர்க்கில் செய்த தளமாக இருந்தால், பிழை கண்டதும் வாடிக்கையாளரைப் படிவப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். இதற்குப் பெயர் ‘ரீடிரெக்ட்’. அப்போது பிழைகளின் பட்டியலையும், பாஸ்வேர்ட் தவிர அவர் எழுதிய மற்ற விபரங்களையும் தற்காலிகமாக எடுத்து வைத்துக் கொள்ளும். அவற்றை மீண்டும் படிவத்தில் காட்டுவது தளத்தைச் செய்பவரின் பொறுப்பு. அதை அவர் மறந்தால் வெற்றுப் படிவம்தான் தெரியும். எங்கள் தளத்தில் நடந்ததும் அதுவே.

கடைக்கு வந்தவர் விலாசத்தில் ஓர் எழுத்தைப் பிழையாகச் சொன்னால், ஓடர் துண்டைக் கிழித்தெறிந்துவிட்டு "முதலில் இருந்து சொல்லுங்கள்" என்போமா?

ஓடர் சரியாக விழுந்த பின்பும் ரீடிரெக்ட் அவசியம். வாடிக்கையாளரை ‘நன்றி’ பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் ‘ரிப்ரெஷ்’ செய்யும்போது அதே ஓடர் இரண்டாம் தரமும் போகலாம். வங்கி அட்டையில் பணம் எடுக்கும் தளமென்றால் பணமும் இருதரம் வெட்டுப்படலாம். இது கணினிப் பிரச்சினை மட்டுமல்ல, அமானிதப் பிரச்சினையும்தான்.

எனவே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் நீங்களே இருந்து இவற்றைச் செய்து பாருங்கள்:

1. விலாசத்தை மட்டும் விட்டுவிட்டு அனுப்புங்கள். மற்றவை அழியாமல் இருக்க வேண்டும். பிழை என்னவென்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே, வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும்.

2. தொலைபேசி இலக்கத்தை இடைவெளி விட்டும், +94 போட்டும் எழுதுங்கள். இரண்டையும் ஏற்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம் கேட்பதாயின், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழையதையும், 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்கப் புதியதையும் ஏற்க வேண்டும். தேவையில்லையெனில் அதைக் கேட்கவே வேண்டாம்.

3. ஓடர் விழுந்ததும் ரிப்ரெஷ் செய்யுங்கள். பின்பு இன்னொரு ஓடர் போட்டு, ‘அனுப்பு’ பொத்தானை வேகமாக இருதரம் அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓடர்தான் பதிவாக வேண்டும். இருதரம் அழுத்துவதை ரீடிரெக்ட் மட்டும் தடுக்காது. அதற்குத் தனி ஏற்பாடு கேளுங்கள்.

4. சரிபார்ப்பு சேவரிலும் நடக்கிறதா என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் பிரவுசரில் மட்டும் நடந்தால் விஷயம் தெரிந்தவர் அதைத் தாண்டி வந்துவிடுவார்.

இதற்கு அரை மணித்தியாலம் போதும். எங்கள் தளத்தைத் திருத்த ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெருநாளில் படிவத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்களை இனி எங்கே தேடுவது?

அல்லாஹ் நம் அனைவரினதும் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.