இரத்தக் குழாயின் உட்புறம் உதிரும்போது

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய இரும்புக் குழாய் பதித்த வீட்டில் வாழ்ந்தவரா நீங்கள்? காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீரோடு செந்நிறத் துருத்துகள் வந்தது நினைவிருக்கும். சுவரை உடைத்துப் பார்க்காமலே, குழாயின் உட்புறம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். நம் இரத்தமும் இப்படி ஒரு செய்தியைச் சுமந்து வருகிறது.

உள்ளே இருக்கும் மெல்லிய படலம்

உங்கள் உடலிலுள்ள ஒவ்வொரு இரத்தக் குழாயின் உட்புறத்தையும் ஒரு படலம் மூடியிருக்கிறது. அதன் தடிப்பு ஒரே ஓர் உயிரணு அளவுதான். மருத்துவர்கள் இதை எண்டோதீலியம் என்பார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இங்கே உட்படலம் என்றே சொல்வோம்.

இது வெறும் பூச்சு அல்ல. இரத்தம் தேவையின்றி உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. குழாய் தளர்ந்தால் இரத்த அழுத்தம் குறையும். இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்ததற்காக மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

உதிர்ந்த உயிரணுக்கள்

இனிப்பு நீர், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் புகை ஆகியவை இப்படலத்தை நாளுக்கு நாள் புண்ணாக்குகின்றன. புண்பட்ட உயிரணுக்கள் கழன்று இரத்தத்தில் மிதக்கின்றன. நலமாக உள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கும். கழன்று வந்த உட்படல உயிரணுக்களோ மிகச் சில, பல ஆய்வுகளில் பத்துக்கும் குறைவு. மாரடைப்பு வந்தவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் இந்த எண்ணிக்கை கூடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

இரும்புக் குழாய்க்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இரும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. இரத்தக் குழாய் சரிசெய்துகொள்ளும். பக்கத்து உயிரணுக்கள் பெருகி, காலியான இடத்தை மூடுகின்றன. இதற்கு உதவும் சில உயிரணுக்கள் இரத்தத்திலேயே இருப்பதாக, தகாயுகி அசஹாரா என்ற ஜப்பானிய மருத்துவரின் குழு 1997இல் அறிவித்தது. அவற்றில் பல நேரடியாகப் படலமாக மாறுவதில்லை, பழுதுபார்ப்பைத் தூண்டிவிடுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. புகைப்பவர்களிடம் இவை குறைவு. புகைப்பதை விட்ட சில வாரங்களிலேயே இவை கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது. எழுபது வயதில் விட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தப் பரிசோதனையை நான் செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். இது இன்னும் ஆய்வுக்கூடங்களின் கருவியாகவே உள்ளது. எண்ணும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. வரும் எண்ணை வைத்து உங்கள் மருந்தை மாற்றவும் முடியாது. யாராவது பணம் கேட்டு இதைச் செய்துதருவதாகச் சொன்னால், முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குழாயைக் கழுவிச் சுத்தமாக்கும் என்று விற்கப்படும் பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

உட்படலத்தின் நிலையை ஓரளவு காட்டும் சோதனைகள் அரசாங்க சுகாதார கிளினிக்கிலேயே உண்டு. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதானால் அது கசியும். அப்போது உங்களுக்கு வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பது இன்னொன்று. உடலை வெட்டாமல் இரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் கண். நீரிழிவு உள்ளவர்களில் பலர் “கண் நன்றாகத்தான் தெரிகிறது” என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பார்வை மங்கிய பிறகு வந்தால், இழந்ததை முழுவதும் மீட்க முடியாமல் போகலாம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் நீரிழிவு இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது.

அடுத்த முறை கிளினிக்கு போகும்போது

கிளினிக் புத்தகத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இந்த ஆண்டு சிறுநீர் அல்புமின், விழித்திரை, பாதம் மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று தாதியிடம் கேளுங்கள். மலாயில் கேட்கத் தயக்கமாக இருந்தால் மகளையோ பேரப்பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள், அல்லது இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் அடிக்கடி வந்தால், அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

நெஞ்சில் அழுத்தும் வலி, திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கையோ காலோ செயலிழத்தல் ஆகியவை ஏற்பட்டால் உடனே 999ஐ அழையுங்கள்.