சூரியனைப் பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சின்ன டெலஸ்கோப் ஒன்றை வாங்கி, நிலாவையும் வியாழனையும் பார்த்து முடித்து, அடுத்தது சூரியன்தான் என்று நிற்கிற மக்களே, இது உங்களுக்கு. கருவியை வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் வாசித்துவிடுங்கள்.

1. ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் டெலஸ்கோப்பின் வாய், அதாவது சூரியனைப் பார்த்திருக்கும் முனை. கண் வைக்கும் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். 70 மில்லிமீட்டர் லென்ஸ், வெயிலில் சுருங்கிய கண்மணி வாங்குவதைப் போல ஐந்நூறு மடங்கு வெளிச்சத்தை வாங்கிக் குவிக்கிறது. பழைய 60 மில்லிமீட்டர் டெலஸ்கோப் பெட்டிகளில் ஐபீஸில் திருகிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி கிடக்கும். குவிந்த சூட்டில் அது சட்டென்று விரிசல் விடும். விழித்திரைக்கு வலி தெரியாது; வெந்த பிறகுதான் பார்வை மங்கியது தெரியவரும். அந்தக் கண்ணாடியை உடைத்துத்தான் எறிய வேண்டும். முழுதாக எறிந்தால் இன்னொரு பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

2. சூரியனுக்கென்றே செய்த ஃபிலிம் தாள் தனியாக விற்கிறார்கள். விலைக்கு நல்லது அதுதான். வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் வகையை வாங்குங்கள், 5.0 என்று குறித்திருக்கும். 3.8 என்று இருந்தால் அது போட்டோ எடுக்க மட்டுமே, கண்ணுக்கு ஆகாது. எக்ஸ்ரே படம், சிடி, புகை பிடித்த கண்ணாடி, மிக்சர் பாக்கெட்டின் வெள்ளித்தாள் எதுவும் வேண்டாம். கிரகணக் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு ஃபில்டர் இல்லாத டெலஸ்கோப்பில் பார்ப்பது, வெறுங்கண்ணால் பார்ப்பதைவிடக் கேடு.

3. ஒவ்வொரு முறையும் தாளை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். குழாயில் மாட்டியபின் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள், நம் பக்கத்துக் கடற்காற்றை நம்பக் கூடாது. குறிபார்க்கும் சின்னக் குழாயான ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், அல்லது மூடி போட்டுக் கட்டுங்கள். இது பலருக்கு மறந்துபோகிறது. தாளையும் லென்ஸையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். இடவப்பாதி மழை தொடங்கினால் இங்கே கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும்.

4. குழாயின் நிழலைப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். தரையில் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்புங்கள், சூரியன் தானாக ஐபீஸுக்குள் வரும். ஏப்ரல் 11 வாக்கில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும்; குழாய் ஸ்டாண்டில் இடிக்கும். அன்றைக்கு டெலஸ்கோப்பை விட்டுவிட்டு ஒரு கம்பை நட்டு, நிழல் காலடியில் ஒடுங்குவதைப் பாருங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை வரும், மேகம் விட்டால்.

5. காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் பாருங்கள். கான்கிரீட் மாடி சூடேறிவிட்டால் வட்டத்தின் விளிம்பு கொதிக்கத் தொடங்கும். மாடியைவிடப் புல்தரை மேல். டிசம்பர் முதல் மார்ச் வரை நமக்கு நல்ல காலம்.

6. இனி பார்க்கக் கிடைப்பது. முழு வட்டமும் தெரிய நாற்பது, ஐம்பது மடங்கு பெருக்கம் போதும். வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கலாக இருக்கும். ஆங்காங்கே மிளகு சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். உற்றுப் பார்த்தால் பெரிய புள்ளிக்குக் கறுத்த நடுவும் அதைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரமும் தெரியும். சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். நீங்கள் பார்க்கும் புள்ளிகளில் சில நம் பூமியைவிடப் பெரியவை. காந்தப்புலம் அங்கே உள்ளிருந்து வரும் சூட்டைத் தடுக்கிறது, அதனால்தான் கறுப்பு.

பார்த்தால் போதாது, வரையுங்கள். நோட்டில் 15 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, தேதி, நேரம், வானத்தின் நிலை எழுதிப் புள்ளிகளைக் குறியுங்கள். டெலஸ்கோப்பைத் தொடாமல் விட்டால் சூரிய வட்டம் நகரும். முதலில் வெளியேறும் ஓரம் மேற்கு. புள்ளிக் கூட்டங்களை எண்ணிப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்டுங்கள். மூன்று கூட்டம், பதினொரு புள்ளி என்றால் 41. சூரிக் நகரின் ருடால்ஃப் வோல்ஃப் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. இப்படிப் பதிவு வைப்பது நமக்கும் புதிதல்ல; கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள்.

இரண்டு வாரம் விடாமல் வரைந்தால் புள்ளிகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவது தெரியும். நம் கண்ணுக்குச் சூரியன் ஒருமுறை சுற்றிவர சுமார் 27 நாள். நெய்யாறு பிறக்கிற அகத்திய மலைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்தார். பின்னாளில் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் ப்ரௌன், 1855-இல் அந்த மலையுச்சியிலும் காந்த ஊசிகளை வைத்து அளக்க ஏற்பாடு செய்தார். பூமியின் காந்த அலைவுகள் சூரியனின் சுழற்சிக் காலத்தோடு ஒட்டித் திரும்ப வருவதைக் கண்டவர்களில் அவர் ஒருவர். நாள் தவறாமல் அளந்து எழுதிவைத்ததால் அகப்பட்ட உண்மை அது. நம்மில் பலர் கிரகணத்துக்கு மட்டும் சூரியனைத் தேடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

7. கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் வெள்ளை அட்டையில் பிம்பம் விழ வைக்கலாம். அப்போது குழாயில் ஃபில்டர் இருக்காது, ஆகவே பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். பிளாஸ்டிக் ஐபீஸ் உருகிவிடும்.

8. கிரகணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், இங்கே ஏழு நிமிடத்துக்கு மேல் சூரியன் வளையமாக நின்றது. 2019 டிசம்பர் 26-இல் வளையம் வயநாடு, கோயம்புத்தூர் வழியாகப் போனது. அடுத்தது 2031 மே 21, நடுக் கேரளமும் மதுரையும் அதன் பாதையில். நமக்கு முழு வளையம் கிடைக்காது, பெரும்பகுதி மறையும். வளையமாக இருந்தாலும் ஃபில்டரைக் கழற்றக் கூடாது.

9. புள்ளிகளின் பதினொரு வருடச் சுற்று 2024-இல் உச்சம் தொட்டது. இந்தப் பத்தாண்டின் முடிவில் வெறும் வட்டம் மட்டும் தெரியும் நாள்கள் பெருகும். ஆகவே ஃபிலிம் தாளை இந்த மழைக்காலத்திலேயே வாங்கி வைத்து, டிசம்பரில் நோட்டைத் தொடங்குங்கள்.