யானைக்கால் நோயும் சமூக இழிவும்: கொச்சி தரும் பாடம்

கொச்சி மாநகரின் தேவரா பகுதியிலிருந்து பேரண்டூர் நோக்கி ஒரு கால்வாய் செல்கிறது. முன்னாளில் படகுகள் சென்ற இந்நீர்வழி, நகரம் பெருகப் பெருகக் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியில், நெருக்கமான சந்துகளும் திறந்த சாக்கடைகளும் இதே நிலைமையை உருவாக்கின. இத்தகைய தேங்கிய நீரில்தான் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பல்கிப் பெருகுகிறது. வீங்கிய காலுக்குக் ‘கொச்சிக்கால்’ என்றே ஐரோப்பியர் பெயரிட்டனர் என்றால், இந்நோய் இவ்வூரில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

மலையாளத்தில் இந்நோய்க்கு ‘மந்து’ என்று பெயர். நாராணத்துப் பிராந்தன் கதையைக் கேரளத்தில் அறியாதார் இல்லை. வரம் தர முன்வந்த காளியிடம், தம் ஒரு காலிலுள்ள மந்தை மறு காலுக்கு மாற்றினால் போதும் என்று அவர் கேட்டாராம். தெய்வத்தாலும் போக்கவியலாத விதி என்று மக்கள் இந்நோயைக் கருதி வந்ததையும் இக்கதை உணர்த்துகிறது. விதி என்று எண்ணினால் மருந்தை நாடமாட்டார்கள். பாவத்தின் பயன் என்று எண்ணினால் நோயாளியை ஒதுக்குவார்கள். எனவே, நோயை ஒழிக்கும் பணியும் இழிவை நீக்கும் பணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

யானைக்கால் நோய் பரம்பரை நோயன்று. தொடுவதாலோ உடன் உண்பதாலோ தொற்றுவதுமன்று. நூல் போன்ற மெல்லிய புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கிப் பல ஆண்டுகள் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் இரவு நேரத்தில் இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன. அப்போது கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சி, தன் உடலில் வளரச் செய்து, பின்னர் வேறொருவருக்குக் கொண்டு செல்கிறது. நுண்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877ஆம் ஆண்டில் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார்.

ஒதுக்கப்படுபவர் யார், பரப்புபவர் யார்?

பெரும்பாலோர் அறியாத உண்மை ஒன்று உண்டு. கால் பெருத்துப் பல ஆண்டுகளானவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்கள் இருப்பதில்லை. ஆகவே, ஊரார் அஞ்சி விலகும் அந்த மனிதரால் பொதுவாக நோய் பரவுவதில்லை. மாறாக, எவ்வித அறிகுறியுமின்றி நலமாகத் தோன்றும் ஒருவரின் இரத்தத்தில் அவை ஏராளமாக இருக்கக்கூடும். அவருடைய நோய் அவருக்கே தெரியாது.

இவ்வுண்மை இரண்டு பணிகளைச் செய்கிறது. நோயாளியைத் தவிர்ப்பதற்கு நியாயம் இல்லை என்பதைக் காட்டுகிறது. “எனக்கு நோயில்லையே, நான் ஏன் மாத்திரை உண்ண வேண்டும்?” என்ற கேள்விக்கும் விடையளிக்கிறது. 1955இல் தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட காலத்தில், இரவில் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்து, நுண்புழு உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து அளித்தனர். 2004 முதல், நோய் நிலவும் மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை டை ஈதைல் கார்பமசீன் மாத்திரைகளும், பின்னர் அவற்றுடன் அல்பெண்டசோல் மாத்திரைகளும் வழங்கப்படலாயின. கருவுற்ற பெண்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு இவை தரப்படுவதில்லை. ஏனையோர் அனைவரும் உண்டால்தான் பரவும் சங்கிலி அறுபடும்.

சோப்பும் நீரும்

முற்றிய வீக்கத்தை மருந்து முழுவதுமாகப் போக்காது. ஆயினும் நோயாளியை அடிக்கடி படுக்கையில் வீழ்த்துவது வீக்கம் அன்று. இடையிடையே வரும் காய்ச்சலும் வலியுமே. கால்விரல் இடுக்குகளிலுள்ள வெடிப்புகள் வழியே பாக்டீரியாக்கள் புகுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, இரவில் காலை உயர்த்தி வைத்து, பொருத்தமான காலணி அணிந்து வந்தால் இத்தாக்குதல்கள் வெகுவாகக் குறையும், துர்நாற்றமும் நீங்கும். நோயாளி வேலைக்குச் செல்வார். திருமண வீட்டிற்கும் செல்வார். இழிவைப் போக்குவதில் நூறு சொற்பொழிவுகளைவிட இம்மாற்றம் வலிமையுடையது.

சேர்த்தலை காட்டிய வழி

கொச்சிக்குத் தெற்கே உள்ள சேர்த்தலையில் நிலவியது இந்நோயின் மற்றொரு வகை. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள், குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களைப் பற்றிக்கொண்டு அவற்றிலிருந்து காற்றைப் பெறுகின்றன. மக்களோ அச்செடியைத் தென்னைக்கு உரமாகப் போற்றினர். 1986இல் அங்குப் பணி தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், செடியை அகற்றுங்கள் என்று ஆணையிடுவதோடு நிற்கவில்லை. தூய்மையான குளங்களில் மீன் வளர்த்து வருவாய் பெறும் வழியையும் காட்டியது. பள்ளி மாணவர்களும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். மக்களின் வாழ்க்கையோடு இணைந்த கல்வியே வேர்விடும் என்பது சேர்த்தலையின் பாடம்.

அண்டை நாடான இலங்கையில் 1947 முதல் இந்நோய்க்கெதிரான இயக்கம் இடையறாது நடைபெற்றது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் அங்கு நீங்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

கற்பிப்போர் கவனத்திற்கு

சுகாதாரக் கல்வியே சில வேளைகளில் இழிவை வளர்த்துவிடும். மிகப் பெரிதாக வீங்கிய கால்களின் படங்களைக் காட்டி அச்சுறுத்தினால், மக்கள் கொசுவை அல்ல, அக்காலையுடைய மனிதரையே வெறுப்பார்கள். ‘யானைக்காலன்’ போன்ற பட்டப்பெயர்களை வகுப்பறையில் அனுமதிக்கலாகாது. காலைப் பேணும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். பேணிப் பயனடைந்தவர் தாமே முன்வந்து கற்பிப்பாராயின் மிகவும் சிறப்பு. விரைவீக்கத்தை வெட்கத்தால் மறைத்து வாழும் ஆண்களுக்கு, அதனை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும் என்பதைத் தனிமையில் எடுத்துரைக்க வேண்டும்.

2027ஆம் ஆண்டிற்குள் இந்நோயை அகற்ற நம் நாடு இலக்கு கொண்டுள்ளது. புதிய தொற்று நின்ற பின்னரும், முன்னரே கால் வீங்கியவர்கள் நம்மிடையே பல ஆண்டுகள் வாழ்வார்கள். நுண்புழு இல்லாத இரத்தம் மட்டும் வெற்றியாகாது. அவர்கள் தயக்கமின்றிப் பேருந்தில் நம் அருகே அமரும் நாளே இப்பணி நிறைவு பெறும் நாளாகும்.