சர்வகலாசாலை மதிப்பெண்ணும் நம் பேரேடும்



அம்பாங் பெச்சாவிலும் கோலகுபு பாருவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் கடை நடத்தும் நம்மவர்களின் பிள்ளைகள் இன்று சர்வகலாசாலைகளில் பயிலுகிறார்கள். அருகே தஞ்சோங் மாலிமில் 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாய்த் தொடங்கிய சுல்தான் இத்ரீஸ் கலாசாலையே 1997-ல் சர்வகலாசாலையாயிற்று. பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். அங்கே மதிப்பெண் போடும் முறையை அறிவதில்லை. மதரஸாவும் ஆரம்பப் பாடசாலையுமே நாம் கண்ட படிப்பு. ஆயினும் பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல.

ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எடை உண்டு. அதன் பெயர் கிரெடிட். இந்நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் 40 மணி நேரம் உழைப்பதற்குச் சமம். வகுப்பு, வீட்டுப் பாடம், பரீட்சை யாவும் இதில் அடங்கும். வாங்கிய தரத்திற்குப் புள்ளி உண்டு: ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, எஃப்-க்குப் பூஜ்யம். புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே தவணைச் சராசரி. இதனை பி.என்.ஜி. என்பார்கள்.

உதாரணமாக, ஒரு மாணவர் 3 கிரெடிட் வீதம் ஐந்து பாடம் எடுக்கிறார். நான்கில் சி, ஒன்றில் எஃப். கிடைத்த புள்ளி 24. அதை 15-ஆல் வகுத்தால் 1.60. தேறாத அந்தப் பாடத்தை உரிய காலத்தில் விட்டிருந்தாலோ, அதே 24-ஐ 12-ஆல் வகுக்கிறோம், சராசரி 2.00.

இந்த 2.00 தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் பி.டி.பி.டி.என். கல்விக் கடனின் அடுத்த தவணைப் பணம் நின்றுவிடும். சர்வகலாசாலையும் எச்சரிக்கும். மீண்டும் மீண்டும் குறைந்தால் படிப்பிலிருந்தே நீக்கிவிடும்.

பாடத்தை விடுவதற்குக் கெடு உண்டு. தவணை தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் பாடத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், அடையாளமே இராது. அதன்பின் ஏறக்குறைய தவணையின் நடுப்பகுதி வரை அனுமதி பெற்று விலகலாம். பதிவில் விலகியதாகக் குறி விழும், சராசரியில் சேராது. அந்தத் தேதியும் கடந்தால் வழியில்லை. தேதி இடத்துக்கு இடம் வேறுபடும். கல்வி நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று விஷயங்களை மனத்தில் வைப்போம். ஒன்று, வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது விலகியதாகாது. பெயர் பதிவில் இருக்கும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எஃப் தான் மிஞ்சும். இரண்டு, விலகுவதும் இலவசமல்ல. கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது, கட்டாயப் பாடமாயின் மறுபடி எடுக்க வேண்டும், பட்டமும் தள்ளிப்போகலாம். ஆகவே கஷ்டமான பாடத்தையெல்லாம் விடச் சொல்லக்கூடாது. மூன்று, நோயோ வீட்டில் துக்கமோ நேர்ந்தால் தவணை முழுவதையும் ஒத்திவைக்க மனுச் செய்யலாம். மனுச் செய்யாமல் வீட்டில் இருந்துவிட்டால் பயனில்லை.

விதி தெரியாததைவிடப் பெரிய கேடு, பிள்ளையின் பயம். 'வாப்பா ஏசுவார், படித்தது போதும், கடையில் வந்து நில் என்பார்' என்று அஞ்சிப் பிள்ளை வாய் திறப்பதில்லை. கெடு கடந்துவிடுகிறது. விலை போகாத சரக்கைக் கெடுவுக்குள் திருப்பி அனுப்புவதை நாம் அவமானம் என்றா நினைக்கிறோம்? அது வியாபார புத்தி. பிள்ளை உரிய காலத்தில் ஒரு பாடத்தை விடுவதும் அப்படித்தான்.

1883-ல் அணை உடைந்ததால் நம்மூருக்கு இந்தப் பெயர் வந்தது. உடைந்தபின் வெள்ளத்தை அளந்து என்ன பயன்? முடிவு வந்த அன்று கோபிப்பதைவிட, இரண்டாம் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் பிள்ளையை அருகே அமர்த்தி, "எந்தப் பாடம் சிரமமாயிருக்கிறது? விலகக் கடைசித் தேதி எது?" என்று அன்போடு கேட்போம். அந்த இரு கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.