எரிபொருள் கணக்கில் மோல் எதற்கு?

அன்புள்ள தம்பி,

எரிபொருள் எரியும் கணக்கு என்றாலே எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தடுமாறுவதாக எழுதியிருந்தாய். இதற்கென்று தனிச் சூத்திரம் ஒன்றும் கிடையாது. சமன் செய்த சமன்பாடு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. தராசோ நிறையைக் காட்டுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மோல். வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரையே எடுத்துக்கொள். உள்ளே 14.2 கிலோ வாயு. முழுவதும் பியூட்டேன் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பியூட்டேன் மூலக்கூறுகள் பதின்மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து எட்டு கார்பன் டை ஆக்சைடும் பத்து நீரும் தரும். ஒன்றுக்கு நான்கு என்பதைப் பார்த்ததும் 14.2-ஐ நான்கால் பெருக்கி 56.8 கிலோ என்று எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். அந்த நான்கு கிலோவைக் குறிப்பதே அல்ல. பியூட்டேனின் மோலார் நிறை 58 கிராம். 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 244.8 மோல். அதை நான்கால் பெருக்கினால் 979 மோல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு மோலுக்கு 44 கிராம் வீதம் 43.1 கிலோ. வாயுவைப் போல மூன்று மடங்கு! மிச்ச நிறை எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. 50.9 கிலோ ஆக்சிஜன் உள்ளே போகிறது, 22 கிலோ நீர் வெளியே வருகிறது. கூட்டிப் பார், இரு பக்கமும் 65.1 கிலோ. விடை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

"116 கிராம் பியூட்டேனுக்கு 352 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று விகிதம் போட்டாலே விடை வருகிறதே, மோல் எதற்கு?" என்று நீ கேட்கலாம். வரும். 116 என்பதே இரண்டு மோல்தான். மோலை நீ விடவில்லை, பெயர் சொல்லாமல் பயன்படுத்துகிறாய், அவ்வளவே. ஆனால் 58 கிராம் பியூட்டேனும் 192 கிராம் ஆக்சிஜனும் தந்து, முழுமையாக எரியுமா என்று வினாத்தாள் கேட்டால்? நிறையைப் பார்த்தால் ஆக்சிஜன் மூன்று மடங்குக்கும் மேல், தாராளம் என்று தோன்றும். மோலில் பார்: பியூட்டேன் 1, ஆக்சிஜன் 6, தேவையோ 6.5. அரை மோல் பற்றவில்லை. ஆக்சிஜன்தான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு உருவாவதும் பாத்திரத்தின் அடியில் கரி படிவதும் இப்படிப்பட்ட பற்றாக்குறையால்தான்.

இன்னொரு ஆட்சேபமும் நியாயமானதே: சிலிண்டரில் இருப்பது தனிப் பியூட்டேன் அல்ல, புரொப்பேனும் கலந்த வாயு. முழுவதும் புரொப்பேன் என்றே வைத்து, 44 கிராமால் வகுத்து மூன்றால் பெருக்கு. கார்பன் டை ஆக்சைடு 42.6 கிலோ வரும். கலவை எந்த விகிதத்தில் இருந்தாலும் விடை இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் விழும், வித்தியாசம் அரைக் கிலோ. எளிமைப்படுத்திப் போட்ட கணக்கெல்லாம் பொய்க்கணக்கு என்பவர்களுக்கு இது போதும்.

ஒரு மோல் வாயுவின் கன அளவு என்று சொல்லப்படும் 22.4 லிட்டர் என்ற எண்ணில் மட்டும் கவனமாக இரு. திட்ட வெப்ப அழுத்த நிலையில் வாயுவுக்குத்தான் அது பொருந்தும்; அந்த நிலையில் நீர் வாயுவாக இராது. அடுத்த கடிதத்துக்குள் இதைச் செய்து அனுப்பு: ஒரு லிட்டர் பெட்ரோலை 700 கிராம் ஆக்டேன் என்று கொள், மோலார் நிறை 114, மூலக்கூறுக்கு எட்டு கார்பன். கார்பன் டை ஆக்சைடு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரவேண்டும். வராவிட்டால் சமன்பாட்டிலிருந்து மறுபடி தொடங்கு.