ஒன்றரை நிமிடப் பயம்

தரம் 12இல் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்காக எங்களுக்குக் கிடைத்த செயற்றிட்டம் இதுதான். இல்லாத ஒரு திகில் படத்துக்கு ஒன்றரை நிமிட முன்னோட்டமும் இரண்டு சுவரொட்டிகளும் தயாரிக்க வேண்டும். குழுவில் ஐந்து பேர், கையில் ஆறு கிழமை, எல்லோருக்குமாக ஒரு கைத்தொலைபேசி. "நீங்க படம் எடுக்கத் தேவையில்ல, படத்த விக்கத்தான் வேணும்" என்றார் டீச்சர். அந்த வேறுபாடு எங்களுக்கு விளங்கப் பல கிழமை சென்றது.

வீட்டில் முதலில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. "படிக்கிற புள்ளைகளுக்குப் பேய்ப் படமா?" என்று உம்மா கேட்டார். மஃரிபுக்குப் பிறகு வெளியே போகக் கூடாது, முகம் தெரியக் கூடாது, படம் இணையத்துக்குப் போகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் வந்தன. மற்ற நால்வரின் வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். இரவில்லாமலும் முகமில்லாமலும் திகில் படம் எப்படி எடுப்பது என்று முதல் நாள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தோம்.

டீச்சர் எங்களை இருத்தி வைத்துச் சில பழைய முன்னோட்டங்களைக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ட்ரெய்லர்' என்றால் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். ஆரம்ப காலத்தில் அவற்றைப் படம் முடிந்த பிறகே திரையிட்டார்கள். பெயர் அங்கேயே நின்றுவிட்டது, ட்ரெய்லர் முன்னால் வந்துவிட்டது. அன்று பார்த்தவற்றில் என்னைப் பிடித்துக்கொண்டது 1960இல் வெளிவந்த 'சைக்கோ' படத்தின் முன்னோட்டம். ஆறு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. ஆனால் படத்தின் காட்சிகள் அதில் இல்லை. இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் தானே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டுகிறார், காணி விற்க வந்த தரகரைப் போல. ஓரிடத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திவிடுகிறார். இன்னோரிடத்தில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கிறார், ஓர் அலறல், அவ்வளவுதான். 1980இல் வந்த 'த ஷைனிங்' படத்தின் முன்னோட்டம் இன்னும் சிக்கனமானது. மூடிய மின்தூக்கிக் கதவுகளைக் காட்டும் ஒரே ஷொட். எழுத்துகள் மேலே ஓடிக்கொண்டிருக்க, கதவிடுக்கால் இரத்தம் பெருக்கெடுத்து வருகிறது. நடிகர் ஒருவரும் இல்லை. முகம் தெரியாமல் பயமுறுத்தலாம் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான்.

எங்கள் முதற் கதை கடற்கரையோரத்தில் இடிந்து கிடந்த ஒரு வீட்டைப் பற்றியது. கூரை கிடையாது. மூன்று சுவர்கள், ஒரு கிணறு, நிலை மட்டும் மிஞ்சிய ஒரு வாசல். அந்த வாசலினூடாகப் பார்த்தால் கடல் தெரியும். திகில் படத்துக்கென்றே யாரோ கட்டி வைத்ததைப் போல இருந்தது. ஒரு பின்னேரம் போய் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துவந்தேன். ஒன்றை இருட்டாக்கி, கிணற்றுக் கட்டில் ஈரக் கை அடையாளம் ஒன்றைச் சேர்த்து, மேலே கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டுச் சுவரொட்டியாக்கினேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஏ3 தாளில் அச்சிட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் குழுவில் வெளிச்சத்துக்குப் பொறுப்பான தோழி அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "இது எங்கட மாமிட ஊடுகா" என்றாள்.

எங்கள் ஊர் மருதமுனை. 2004 டிசம்பர் 26இல் நடந்ததை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கடல் எடுத்த நாள் அது. எங்கள் ஊரும் நிறைய மையித்துகளை அடக்கியது. எங்கள் வகுப்பில் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். எங்களுக்கு அது வருடத்தில் ஒரு நாள் ஓதும் துஆ, பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடும் ஒரு பேச்சு. அந்த வீட்டை நான் சிறு வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தோழி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "கிணத்தடியில மல்லிகைப் பந்தல் ஒண்டு இருந்ததாம். உம்மா சொல்லுவா" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பித் தந்தாள். நான் ஈரக் கை அடையாளம் போட்டிருந்தது அந்தக் கிணற்றில்தான்.

உண்மைச் சம்பவம் என்று சொல்லி விற்பது திகில் படங்களின் பழைய வியாபாரம். 1974இல் வந்த 'த டெக்ஸாஸ் செயின்சோ மசக்கர்' உண்மையில் நடந்த கதை என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் கதையின் பெரும்பகுதி கற்பனை. 1999இல் 'த பிளேயர் விச் ப்ரொஜெக்ட்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் நடித்த மூன்று இளைஞர்களும் உண்மையாகவே காணாமல் போய்விட்டதாகக் காட்டும் 'காணவில்லை' துண்டுப்பிரசுரங்களை வெளியிட்டார்கள். பலர் நம்பினார்கள், படமும் பெரும் பணம் சம்பாதித்தது. விளம்பரக் கலை என்று பார்த்தால் கெட்டித்தனந்தான். ஆனால் பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் வருடக்கணக்காக இருக்கும் தாய்மார்களைக் கண்ட நாடு இது. இங்கே ஒரு மதிலில் 'காணவில்லை' என்று ஒட்டிவிட்டுப் பிறகு அது பட விளம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிணற்றில் நான் செய்ததும் அந்த வகைதான் என்பதை, அந்தப் படத்தைப் பற்றிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்தபோது உணர்ந்தேன்.

சுவரொட்டியைக் கிழித்தோம். கைத்தொலைபேசியில் இருந்த படங்களையும் அழித்தோம். சமர்ப்பிக்க ஒன்பது நாட்கள் இருந்தன. குழுவில் இருவருக்கு என்மேல் மனவருத்தம், அது நியாயமானதே. புள்ளிகள் போய்விடும் என்று ஒருத்தி அழுதாள். டீச்சரிடம் சொன்னபோது அவர் கூடுதல் நாள் தரவில்லை. "வேற இடம் பாருங்க" என்றார்.

வேறு இடம் என் மூத்தாப்பாவின் தறிக் கொட்டில். மருதமுனையில் கைத்தறிச் சத்தம் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் என் வயதில் கூடி வருகிறார்கள். நான் அந்தச் சத்தத்தில்தான் உறங்கினேன். ஆளில்லாத கொட்டிலில் நடுச்சாமத்தில் தறி ஓடுகிறது, விடிய வந்து பார்த்தால் யாரும் நெய்யாத துணி வளர்ந்திருக்கிறது. இவ்வளவுதான் எங்கள் புதுக் கதை. தலைப்பு 'நாடா'. இம்முறை முதலில் அனுமதி கேட்கப் போனேன்.

"என்ட தறியப் பேயாக்கப் போறியளா?" என்றார் மூத்தாப்பா. சிறிது யோசித்துவிட்டு, "பாவில கை வெக்கப் போடா. அது ஓடர் சாறன்" என்று ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

நாடா தானாக ஓடுவதைக் காட்டக் கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. இந்தத் தறியில் கயிற்றை இழுத்தால் நாடா பாவுக்குள்ளால் மறுபக்கம் பாயும். இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் 1733இல் உரிமம் பெற்ற ஏற்பாடு அது. கயிற்றை இழுக்கும் கையும் மிதிக்கும் காலும் சட்டகத்துக்கு வெளியே இருந்தால் போதும், பார்ப்பவருக்கு நாடா மட்டும் பாயும். இழுத்தவர் மூத்தாப்பாதான். மூன்றாவது தடவைக்குப் பிறகு, "கமராவ இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சா என்ட நிழல் விழாது" என்று எங்களுக்கே பாடம் எடுத்தார்.

மறைப்பது எப்படிப் பயமாகிறது என்பதற்கு 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த 'ஜோஸ்' நல்ல உதாரணம். படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாகியது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார்கள். தண்ணீரின் அசைவு, இசை, இழுபடும் மிதவை, இவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் சென்ற பிறகே சுறாவை நன்றாகக் காண்கிறோம். எங்கள் வீட்டு நிபந்தனையும் அப்படியே உதவிக்கு வந்தது. முன்னோட்டத்தில் வரும் பெண்ணுக்கு முகம் இல்லை. கதவில் வைக்கும் கை, வாசற்படியில் தயங்கும் பாதம், சுவரில் விழும் நிழல். அலறும் முகத்தைக் காட்டியிருந்தால் அது எங்கள் வகுப்புத் தோழி என்று எல்லோருக்கும் தெரிந்து சிரித்திருப்பார்கள்.

இரவை நாங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தோம். இதுவும் பழைய ஹொலிவூட் வழக்கம். பிரெஞ்சுக்காரர் இதை 'அமெரிக்க இரவு' என்பர். அந்தப் பெயரிலேயே பிரான்சுவா திரூஃபோ 1973இல் ஒரு படம் எடுத்தார். யன்னல்களைச் சாக்கால் மூடி ஒன்றில் மட்டும் இடுக்கு விட்டோம். கைத்தொலைபேசிக் கமராவில் வெளிச்சத்தைக் குறைத்து, நிறச் சமநிலையை மஞ்சள் மின்குமிழுக்கு உரிய நிலையில் வைத்தோம். கமரா அறையில் மஞ்சள் வெளிச்சம் இருப்பதாக நினைத்து அதைச் சரிசெய்ய நீலத்தைக் கூட்டும். ஆனால் உள்ளே வருவதோ பகல் வெளிச்சம். ஆகவே எல்லாம் நீலமாகி நிலவு போல ஆகிவிடும். வானம் மட்டும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. ஒரு ஷொட்டில் கதவிடுக்கால் வெள்ளை வெயில் தெரிந்தது. நல்ல ஷொட், எறிய வேண்டியதாயிற்று. முகத்துக்குக் கீழிருந்து ரோச் அடிப்பதையும் பரீட்சித்துப் பார்த்தோம். வெளிச்சம் மேலிருந்து விழுந்தே எங்கள் கண்ணுக்குப் பழக்கம், கீழிருந்து வந்தால் தெரிந்த முகமும் அந்நியமாகிவிடும். ஆனால் நிழல்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சமே நன்றாக அமைந்தது.

ஒலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் முன்னோட்டத்தின் பாதிப் பயம் அங்கேதான் இருக்கிறது. பதிவு செய்த தறிச் சத்தம் எங்களுக்குப் பயமாகவே இல்லை. அது தாலாட்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். நீளம் இரட்டிப்பாகியது, சுருதி ஓர் எட்டம் கீழே இறங்கியது. அதே சத்தம் நிலத்துக்கு அடியில் எதுவோ நடப்பதைப் போல ஆயிற்று. பிறகு நாற்பதாவது செக்கனில் அதை முழுதாக நிறுத்தினோம். நான்கு செக்கன் மௌனம். வகுப்பில் திரையிட்டபோது அந்த மௌனத்தில்தான் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள்.

முதலில் வெட்டி ஒட்டிய வடிவத்தை உம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "கத முழுக்கச் சொல்லிட்டியே, இனிப் படத்த எதுக்கு மகள் பாக்கிற?" என்றார். விற்பது என்று டீச்சர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. துணி வளர்ந்திருக்கும் கடைசி ஷொட்டை எடுத்துவிட்டேன். முதல் அரை நிமிடத்தில் ஐந்தே ஷொட்டுகள், கடைசிப் பதினைந்து செக்கனில் இருபத்திரண்டு. பெண்ணின் கை துணியைத் தொடப் போகிறது, திரை கறுப்பாகிறது.

சுவரொட்டி வேறு விதமான வேலை. முன்னோட்டத்தைப் பார்க்க வருபவர் உட்கார்ந்திருப்பார், சுவரொட்டியைக் கடப்பவர் நடந்துகொண்டிருப்பார். மூன்று செக்கன்தான் கிடைக்கும். 'ஜோஸ்' சுவரொட்டியில் மேலே சிறியதாக நீந்தும் பெண், கீழே சட்டகத்தையே அடைத்துக்கொண்டு எழும் வாய். அளவு வித்தியாசமே கதையைச் சொல்லிவிடுகிறது. 1979இல் வந்த 'ஏலியன்' சுவரொட்டியில் வெடித்த முட்டையும் அதன் ஒளியும் மட்டும் உண்டு, விலங்கு இல்லை. நாங்கள் இரண்டிலும் கடன் வாங்கினோம். ஒன்றில் வெள்ளைப் பாவின் குறுக்கே ஒரே ஒரு சிவப்பு நூல், மூலையில் சிறிய நாடா. மற்றதில் நூல்களுக்குப் பின்னால் ஒரு கை, சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருப்பதைப் போல. மூத்தாப்பாவின் பாவில் கை வைக்காமல் பிரிஸ்டல் போட் சட்டத்தில் நாங்களே நூல் கட்டி எடுத்தோம்.

எழுத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆங்கிலத் திகில் படங்களைப் போல எழுத்திலிருந்து இரத்தம் வடியவிட்டேன். தமிழில் ஒரு காலுக்குக் கீழே ஒரு சொட்டுச் சாய்ந்து வடிந்தால் அது 'ர' ஆகிவிடும். 'நாடா' என்று நான் எழுதியதைத் தரம் 8 பிள்ளை ஒன்று எழுத்துக்கூட்டி, "நரடர எண்டா என்ன ராத்தா?" என்று கேட்டது. இரத்தத்தைத் துடைத்துவிட்டு, எழுத்துகளை மெல்லிய நூலால் தைத்ததைப் போல வரைந்தேன். எங்கள் எழுத்தின் வளைவுக்கு நூல்தான் பொருந்துகிறது.

திரையிட்ட நாள் மூத்தாப்பாவும் வந்திருந்தார். பயந்தீர்களா என்று கேட்டேன். "நாடா இவ்வளவு மெதுவாப் போனா துணி நெய்ய ஏலாது" என்றார். வெளிச்சத்துக்குப் பொறுப்பான தோழி தன் உம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். அவர் என் தலையைத் தடவி, அந்தப் பழைய வீட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், ரோச்சை யார் பிடித்தது என்று மட்டும் கேட்டார். மகள்தான் என்றேன்.

சிவப்பு நூல் சுவரொட்டியை மூத்தாப்பா கேட்டு வாங்கிக் கொட்டில் கதவில் ஒட்டியிருக்கிறார். போன கிழமை சாறன் வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்று விலை பேசினாராம். சொல்லும்போது மூத்தாப்பாவுக்கு ஒரே சிரிப்பு.